படுத்தபடி கட்டிய பாட்டுகள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு குளிர்காலம் முழுவதையும் நான் மெல்பேர்னில் ஒரு கட்டிலில் படுத்தபடி கழித்தேன். நோய் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் இல்லை, எலும்பு முறிவு இல்லை. வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. அது தங்குவதற்காக நான் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. முதலாவது யாழ்ப்பாணத்தில், கலியாணமாகி அடுத்த வருடம். இரண்டாவது இங்கே வந்த பிறகு. அந்த முறை நாட்கள் கூடிப் போயிருந்ததால் என் கணவர் துணிந்து ஒரு சின்னக் கம்பளிச் சட்டை வாங்கி வந்திருந்தார். மஞ்சள் நிறம். ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பி வந்தபோது அது அலுமாரியில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை கருப்பையின் வாயில் தையல் போட்டார்கள். "கக்கூசுக்கு மட்டும் எழும்பலாம். மற்றபடி படுக்கை. கட்டிலின் கால்மாடு உயர்ந்திருக்க வேண்டும்" என்றார் டொக்டர். கணவர் பின்வளவில் கிடந்த செங்கற்களைக் கழுவித் துடைத்துக் கட்டிலின் கால்மாட்டில் அடுக்கினார். பிறகு சரிவு பார்க்கும் நீர்மட்டக் கருவியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்.

"சரிவாக் கிடக்கவேண்டிய கட்டிலுக்கு என்னத்துக்கப்பா நீர்மட்டம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே சரிவா இருக்கவேணுமெல்லே. நித்திரையில நீர் உருண்டு விழுந்தா?"

அவர் பொறியியல் படித்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திர உறுப்புகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். நாங்கள் இருந்தது டண்டினொங் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வாடகை வீடு, பலகைச் சுவர். விடியுமுன்னே ரயிலேறிப் போவார். திரும்பி வரும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். போகுமுன் என் தலைமாட்டில் தேத்தண்ணீர்ப் போத்தல், இரண்டு துண்டு பாண், வானொலிப் பெட்டி எல்லாவற்றையும் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொளுத்திவிட்டுப் போவார். எங்களிடம் டெலிபோன் இல்லை.

ஊரில் நான் கணிதம் படிப்பித்தவள். ஒரு நாளில் எத்தனையோ பெண்பிள்ளைகளின் முன் நின்று கத்திய தொண்டை. இங்கே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முகட்டில் பூவேலை செய்த தகடுகள். நீளத்தால் அகலத்தைப் பெருக்கி, விளக்கு மறைத்த இடத்தைக் கழித்து, எத்தனை பூ என்று கண்டுபிடித்தேன். அடுத்த நாளும் அதே விடைதான் வந்தது. நூல்நிலையத்திலிருந்து கணவர் கொண்டுவரும் புத்தகங்களைத் தலைக்கு மேல் பிடித்து வாசித்தால் கை சோர்ந்து முகத்தில் விழும். வானொலியில் சனிக்கிழமை முழுக்க உதைபந்தாட்டம். யார் யாரை வென்றால் எனக்கென்ன? ஜன்னலில் எந்த நேரமும் நீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே மழையா, உள்ளே எங்கள் மூச்சா என்று பிரித்தறிய முடியாது.

அந்த முதல் வாரங்களில் எனக்கு எல்லோர் மீதும் கோபம். நடந்து திரிகிற எல்லோர் மீதும்.

பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலிய அம்மா இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கறுப்பு உடை, பெரிய கை. எங்களோடு வேலி வழியாகச் சிரிப்பதைத் தவிர அதுவரை பழக்கமில்லை. நான் படுத்துவிட்ட செய்தி எப்படியோ தெரிந்து, ஒருநாள் மாலை கணவரை மறித்து, "சாவி" என்று கையை நீட்டினாராம். கணவர் பயந்துபோய்க் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் மதியம் பின்கதவு திறந்தது. குசினியில் பாத்திரம் தட்டுப்படும் சத்தம். பிறகு ஒரு கிண்ணம் சூப்போடு அவர் என் அறை வாசலில் நின்றார். கீரையும் அவரைக்கொட்டையும் போட்ட சூப்.

"மாஞ்சா" என்றார். சாப்பிடு என்று அர்த்தம்; அந்தக் குளிர்காலத்தில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். சூப், சுடுநீர்ப் பைக்குப் புதுத் தண்ணீர், ஹீட்டருக்கு மண்ணெண்ணெய், நான் புரண்டு படுக்க ஒரு கை. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சந்தித்துக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. ஆகவே நான் எல்லாவற்றுக்கும் "தாங்யூ, தாங்யூ" என்றேன். ஒருநாள் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு தாங்யூவா? உனக்கு ஆறிப்போகும். சாப்பிடு!"

அவர் போன பிறகு அதைப் பற்றி யோசித்தேன். யோசிக்கத்தான் எனக்கு நேரமிருந்தது. பிறரிடம் கடமைப்படக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்த தாங்யூக்கள் எல்லாம் கடமையை உடனுக்குடன் தீர்த்துவிடுகிற அவசரம்தான். தமிழில் யோசித்தால் அதுவும் கிடையாது. எங்கள் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொன்னார்கள்? நன்றி என்பது கூட்டம் முடியும்போது மேடையில் ஒருவர் எழும்பிச் சொல்வது. செங்கல் கழுவிய புருஷனிடம் போய் நன்றி என்று சொன்னால், "உமக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

பாட்டு வந்தது இந்த யோசனையிலிருந்து அல்ல, ஒரு பறவையிலிருந்து. ஜன்னலுக்கு நேரே மின்கம்பி. காலையில் அதில் ஒரு மக்பை வந்து உட்காரும். காக்கையளவு, கறுப்பு வெள்ளை. ஆனால் காக்கையைப் போலக் கரையாது. தொண்டைக்குள் தண்ணீரை உருட்டுவதுபோலப் பாடும். பனி மூடியிருந்த ஒரு காலையில், சுடுநீர்ப் பையை அணைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துச் சொன்னேன்:

கறுப்புச் சட்டை, வெள்ளைக் கழுத்து,
கம்பி மேலே யாரையா?
காலைக் குளிரில் பாட வந்தீர்,
கம்பளித் தொப்பி வேணுமா?

சொன்ன பிறகுதான் இது பாட்டு என்று தெரிந்தது. நான் அதற்குமுன் ஒரு வரி எழுதியதில்லை. பள்ளியில் செய்யுள் மனனம் செய்து ஒப்புவித்ததோடு சரி. ஆனால் அன்று முழுக்க அந்த நான்கு வரியை உருட்டிக்கொண்டே கிடந்தேன். எந்தச் சொல் நீளம், எந்தச் சொல் குட்டை, எங்கே தாளத்தின் தட்டு விழுகிறது. கணக்குப் போலத்தான் இருந்தது. விடை சரியாக வந்தால் உடம்புக்கே தெரிந்தது.

எழுதி வைக்கலாம் என்று பேனையை எடுத்தேன். படுத்தபடி கடதாசியை மேலே பிடித்து எழுதினால் இரண்டு சொல்லோடு மை இறங்க மறுத்துவிட்டது. சரி, வாயிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். அதனால் எல்லாப் பாட்டும் சின்னதாகவே இருந்தது. மறந்துபோகிற வரி நல்ல வரியில்லை என்று கழித்துவிட்டேன். கேட்பதற்கு ஆளில்லாததால் சத்தமாகவே பாடினேன். சூப்பையும் பாடினேன்:

பக்கத்து வீட்டுச் சூப்பம்மா,
பச்சைக் கீரைச் சூப்பம்மா,
ஊதி ஊதிக் குடிச்சாலும்
உள்ளங்கால் வரை சுடுதம்மா!

செங்கல்லுக்கு ஒன்று. சுடுநீர்ப் பைக்கு ஒன்று. படியில் போத்தலை வைத்துவிட்டு ஓடும் பால்காரருக்கு ஒன்று. அவரை நான் பார்த்ததே இல்லை, கண்ணாடி கிணுகிணுப்பது மட்டும் கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் எனக்காகக் குனிந்து நிமிர்கிறார்கள் என்பது பாட்டுக்கு ஆள் தேடியபோதுதான் தெரிய வந்தது. கோபம் எப்போது போனது என்று எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் என் தலையைக் கழுவிவிடுவார். தலைமாட்டு விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டு நான் படுத்திருக்க, அவர் கீழே பேசினை வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்பார். இடுப்பளவு தலைமயிர், அவருக்கு அனுபவம் போதாது. கண்ணுக்குள் சோப்பு போகும், காதுக்குள் தண்ணீர் போகும். அப்படி ஒரு ஞாயிறு, அவர் விரல்கள் என் பிடரியில் இருந்தபோது, மக்பைப் பாட்டைப் பாடிக் காட்டினேன்.

அவர் கை நின்றது.

"ஆருக்கு இது?" என்றார்.

"பிள்ளைக்குத்தான்."

தண்ணீரை வார்த்து முடித்தார். துவாயால் தலையைச் சுற்றிக் கட்டினார். பேசினைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "முதல் பிறக்கட்டும். பிறகு பாடுவம்."

குசினியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அந்த மஞ்சள் சட்டையை நான் நினைத்துக்கொண்டேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

ஜூலையில், மழை விடாமல் பெய்த ஒரு முற்பகலில் எனக்கு வலி வந்தது. முதுகில் தொடங்கி முன்னுக்கு வந்து இறுகியது. அது எனக்குத் தெரிந்த வலி. கத்தினால் கேட்க யாருமில்லை. மழை தகரக்கூரையை அடித்துக்கொண்டிருந்தது. எழும்பி வாசலுக்குப் போகலாமா? போனால் எல்லாம் கெட்டுவிடும். கால்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடி, பின்கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் என் வாயில் சாமி பெயர் வரவில்லை, பாட்டு வரவில்லை. "இரு, இரு" என்ற ஒரு சொல்தான் வந்தது.

இத்தாலிய அம்மா வழமையான நேரத்துக்குத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்தவுடன் சூப்பைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். மழைக்குள் அவர் தன் கணவரைக் கூப்பிடும் குரல் கேட்டது. அப்படி ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவர்கள் வீட்டு டெலிபோனில் அம்புலன்சைக் கூப்பிட்டார்கள். அது வரும்வரை அவர் தரையில் உட்கார்ந்து என் இரண்டு பாதங்களையும் தன் கம்பளிச் சால்வைக்குள் பொதிந்து பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலியை அடக்கினார்கள். தையல் அப்படியே இருந்தது. பிள்ளையின் இதயம் அடிப்பதைத் தாதி குழல் வைத்துக் கேட்டுச் சொன்னார். வேலையிடத்திலிருந்து ஓடி வந்த கணவர், நனைந்த கோட்டைக் கழற்றாமலே என் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு நான் பாடுவதை நிறுத்தினேன். பிறக்காத பிள்ளைக்குப் பாட்டுக் கட்டினால் கண்ணூறு படாமல் என்ன செய்யும்? அவர் சொன்னதுதான் சரி. மக்பை வந்தது, போனது. முகட்டுப் பூக்களை மறுபடியும் பெருக்கத் தொடங்கினேன்.

ஒரு மதியம் சூப்பைக் கையில் தந்துவிட்டு இத்தாலிய அம்மா போகாமல் நின்றார்.

"ஏன் பாட்டு இல்லை?"

அவர் குசினியில் நிற்கும்போது கேட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் ஜன்னலைக் காட்டினார். கம்பியில் மக்பை. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக் கட்டைக் குரலில் பாடினார்: "கருப்பூ சத்தா, வெல்லக் கலுத்தூ, கம்பீ மேலே யாராயா!"

மெட்டு அப்படியே இருந்தது. சொற்கள்தான் ரோம்வரை போய்த் திரும்பி வந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு குலுங்குமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு உதை. நல்ல பலமான உதை. நான் அவர் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தேன். அடுத்த உதை அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

"பார்" என்றார் அவர். "இங்கேதான் இருக்கிறது. கேட்கிறது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நான் அன்று பின்னேரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வரப்போகிற பிள்ளைக்குப் பாடவில்லை. வருமா வராதா என்பது எனக்கோ டொக்டருக்கோ தெரியாது. இன்றைக்கு, இந்த மழைநாளில், இந்த அறையில் என்னோடு ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்குப் பாடினேன். நாளைக்கு இல்லாமல் போனாலும் இன்றைக்கு இருந்தது பொய்யாகிவிடாது. முன்பு போன இரண்டு பேருக்கும் நான் ஒரு வரிகூடப் பாடவில்லையே என்று அப்போதுதான் அழுதேன். வெகுநாள் வராமல் இருந்த அழுகை. அழுது முடிந்தபோது உடம்பு லேசாக இருந்தது.

அடுத்து நான் கட்டத் தொடங்கியது ரயில் பாட்டு. எங்கள் வீட்டுக்கு ரயில் சத்தம் நன்றாகக் கேட்கும். பின்னேரமானால் ஒவ்வொரு ரயிலையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, இதில் வருவாரா, அடுத்ததில் வருவாரா என்று கிடப்பேன்.

தடக்குத் தடக்கு ரயில் வருது,
தண்டவாளம் நனைஞ்சிருக்கு,
ஆரோ வாறார், கதவைத் திற...

அதற்கு மேல் போகவில்லை. இரண்டு மூன்று நாட்கள் அந்த நாலாவது வரியோடு மல்லுக்கட்டினேன். ஒரு மாலை அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது கணவர் உள்ளே வந்ததைக் கவனிக்கவில்லை. ஈரச் சப்பாத்தைக் கழற்றியபடி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் சட்டென்று நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"முடியேல்லை. கடைசி வரி வருகுதில்லை."

"இன்னொருக்காச் சொல்லும்."

சொன்னேன். அவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைக் காயவைத்தார். காலுறையிலிருந்து ஆவி பறந்தது. பிறகு, படத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தவர் மாதிரி, "மூண்டாவது வரி பிழை" என்றார்.

"என்ன பிழை?"

"ஆரோ வாறார் எண்டு ஏன் சொல்லுறீர்? அந்த ஆளுக்குப் பேரில்லையே?"

அவர் ஹீட்டரைப் பார்த்தபடி, மெட்டில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"அப்பா வாறார், கதவைத் திற. ஆளே முழுக்க விறைச்சிருக்கு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது; அவ்வளவு பொருத்தமாக வந்து விழுந்தது அந்த வரி. பிறகு அந்த முதல் சொல் காதில் ஏறியது. மூன்று முறையும், இத்தனை மாதங்களில், அவர் தன்னை அந்தப் பெயரால் அழைத்துக்கொண்டதில்லை.

"ஓம். அது நல்ல வரி" என்றேன்.

"ஹ்ம்" என்று எழும்பிக் குசினிக்குப் போனார். சோற்றுக்கு அரிசி கழுவும்போது அவர் அதை மெல்லப் பாடிப் பார்ப்பது கேட்டது. சுருதி சேரவேயில்லை.

செப்டெம்பரில் டொக்டர் எழும்பி நடக்கலாம் என்றார். கட்டிலைவிட்டு இறங்கினால் கால் என்னைத் தாங்க மறுத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து, முதல் நாள் அறை வாசல்வரை, பிறகு குசினிவரை. குசினி மேசையில் இத்தாலிய அம்மாவின் கிண்ணங்களும் தட்டுகளும் அடுக்கிக் கிடந்தன. கணவர் கழுவிவைத்தாரே தவிர, திருப்பிக் கொடுக்கவில்லை. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லையே. கதிரையில் உட்கார்ந்தபடி வெங்காயம் வெட்டினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் கையால் வெட்டிய வெங்காயம். கண் எரிந்தது, அந்த எரிச்சல்கூட நன்றாக இருந்தது. கடலைப்பருப்பை ஊறவைத்து வடை சுட்டு, தட்டுகளில் நிரப்பிக் கணவரிடம் கொடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "உறைக்குது! இன்னும் இருக்கா?"

மகள் அக்டோபரில் பிறந்தாள். சிவந்து, நீளமாக, எங்கள் இரண்டு பேரையும் போல இல்லாமல். தாதி என் நெஞ்சில் கிடத்தியபோது, கட்டி வைத்த பாட்டுகளில் எதைப் பாடுவது என்று தெரியாமல் திகைத்தேன். கடைசியில் ஒன்றும் பாடவில்லை. அவள் அழுதாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டுகள் அவளுக்குப் பிடித்ததா என்று கேட்டால், சிலது பிடித்தது. மக்பைப் பாட்டு வசந்தத்தில் எங்களைக் கைவிட்டது. கூடு கட்டிய அந்தப் பறவை என் கணவரின் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து பாய்ந்து கொத்தியது. தொப்பி உண்மையில் அவருக்குத்தான் தேவைப்பட்டது. ரயில் பாட்டை மட்டும் பிள்ளை பேசத் தொடங்கிய பிறகும் விடவில்லை. பள்ளிக்கூடம் போனதும் ஆங்கிலம் வந்து எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளியது. அதற்காக நான் பெரிதாக வருந்தியதில்லை. வேண்டிய காலத்தில் அவை தங்கள் வேலையைச் செய்தன.

நான் பிறகு பாட்டே கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஒரு கவிதாயினி உருவானாள் என்று எழுத ஆசைதான்; நடந்தது அப்படியில்லை. நான் இங்கேயே மறுபடியும் கணிதம் படிப்பிக்கப் போனேன், ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். எப்போதாவது வகுப்பறையில் மழைச் சத்தம் கேட்கும்போது ஒரு சொல் இன்னொரு சொல்லை இழுத்துக்கொண்டு வரும். வரட்டும் என்று விட்டுவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்புவேன்.

பிறந்த பின் வந்த முதல் குளிர்காலத்தில் மகள் தவழ்ந்து திரிந்தாள். ஹீட்டர் பக்கம் போவாள், அலுமாரியைத் திறப்பாள், கிடைத்ததை வாயில் வைப்பாள். வெளியே அதே மழை. நாள் முழுக்க உள்ளே நாங்கள் இரண்டு பேரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இத்தாலிய அம்மா வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நீ போ, உன் பாட்டைச் செய்" என்று என்னை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவார். நான் போய்ப் படுத்த அடுத்த நிமிடம் தூங்கிப்போவேன். எழும்பி வந்ததும் "ஏதும் வந்ததா?" என்று கேட்பார். "வந்தது" என்பேன். பொய்யில்லை. அந்தத் தூக்கத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கட்டியதே இல்லை.